டொக்டரய்யா வீட்டு அருவி

லயத்துச் சனங்களின் தண்ணீரைத் திருடி என் வீட்டுப் பின்வளவில் ஓர் அருவி விட்டேன். தண்ணீரைத் திருடியவர் இன்னொருவர் என்று தோட்டத்து நிர்வாகியான துரைக்கு அறிக்கை எழுதியவனும் நான்தான். இரண்டில் எது பெரிய பாவம் என்று கேட்டால், இரண்டாவதுதான். முதலாவதை ஓர் அசட்டு ஆசையில் செய்தேன். இரண்டாவதை நல்ல வெள்ளைத் தாளில், மைப்பேனாவால், ஒருமுறை வெட்டித் திருத்தி, மறுமுறை அழகாகப் படியெடுத்துச் செய்தேன்.

அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. தொண்ணூறுகளின் பிற்பகுதி. நானுஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மருந்துச்சாலை என் பொறுப்பில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் படித்து, கொழும்பில் பயிற்சி பெற்று வந்தவன். என்னிடம் இருந்தது டொக்டர் பட்டம் அல்ல. மருந்து கலக்கவும் காயம் கட்டவும் அவசரத்துக்குப் பிள்ளைப்பேறு பார்க்கவும் கொடுத்த ஒரு சான்றிதழ். ஆனால் தோட்டத்தில் எல்லாரும் 'டொக்டரய்யா' என்றே கூப்பிட்டார்கள். நான் ஒருநாளும் திருத்தியதில்லை. அதற்காக வருந்துவதென்றால் தனியாக வருந்தவேண்டும். இன்று சொல்ல வந்தது அதையல்ல.

எனக்குக் கொடுத்திருந்த வீட்டின் பின்வளவு ஒரு சரிவு. அதற்கும் மேலே, மலையில், ஓர் ஊற்றும் ஒரு தொட்டியும் இருந்தன. தொட்டியிலிருந்து இறங்கும் கறுப்புக் குழாய் என் வளவின் ஓரத்தில் மண்ணுக்குள் புகுந்து, வேலிக்கு அப்பால் வெளியே வந்து, கீழே தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பீலிக்குப் போகும். பீலி என்பது இரவு பகலாகத் தண்ணீர் விழும் குழாய்வாய். குடிக்க, குளிக்க, துவைக்க நாற்பது குடும்பங்களுக்கு அந்த ஒரு பீலிதான். எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வேறு வழியில், தொழிற்சாலைத் தொட்டியிலிருந்து, காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் வரும்.

ஊற்றையும் தொட்டியையும் குழாயையும் பார்த்துக்கொள்ளத் தோட்டத்தில் ஒருவர் இருந்தார். தண்ணிக்காரர் என்பார்கள். முன்பு கவ்வாத்து வெட்டியவர். தேயிலைச் செடியைக் கத்தியால் முழங்கால் உயரத்துக்குத் தறிக்கிற வேலை அது. செங்குத்து மலையில் சறுக்கி விழுந்து அவருடைய சொந்த முழங்கால் கெட்டுப்போனது. 'இவருக்கு இலகு வேலை கொடுக்கவும்' என்று நான் எழுதிக் கொடுத்த கடிதத்தின் பேரில்தான் துரை அவரைத் தண்ணீருக்குப் போட்டார். அன்றிலிருந்து அவருக்கு என்மேல் ஒரு பற்று. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். வாய் மட்டும் இருபது வயதுக்காரனுடையது.

குளம் கட்டும் எண்ணம் என் தலைக்குள் வந்தது மருந்துச்சாலை வாங்குப் பலகையில்தான். காத்திருக்கும் நோயாளிகள் படம் பார்க்கட்டும் என்று துரையின் பங்களாவிலிருந்து பழைய வெளிநாட்டுத் தோட்டக்கலைச் சஞ்சிகைகளைக் கட்டாக அனுப்புவார்கள். நோயாளிகள் பார்த்தார்களோ இல்லையோ, நான் பார்த்தேன். ஒன்றில், வீட்டுப் பின்புறத்தில் குளம் கட்டி, பக்கத்தில் நாற்காலி போட்டு, ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் இருந்த நிம்மதியை அதுவரை நான் யாருடைய முகத்திலும் கண்டதில்லை. பக்கத்தைக் கிழித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

என் மனைவி படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வருசம் முழுக்க மழை பெய்யிற இடத்தில, வளவுக்கை தண்ணி நிக்கக்கூடாதெண்டு சனம் கான் வெட்டுது. நீங்கள் தண்ணி நிக்கிறதுக்குக் கிடங்கு வெட்டப் போறியளோ? விசரே உங்களுக்கு?"

ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணிக்காரர் உதவிக்கு வந்தார். நான் கூப்பிடவில்லை, மண்வெட்டிச் சத்தம் கேட்டு வேலி ஓரம் வந்து நின்றார். வேலிக்கு உள்ளே வரும்படி நான் சொல்லும்வரை வரமாட்டார். அது அவருடைய மரியாதை.

"என்னாங்கய்யா இது, மாட்டுக்குத் தொட்டியா?"

"குளம்."

"கொளமா? கொளம்னா தாமர இருக்கணும், கரையில புள்ளையாரு இருக்கணும். இதுல ஐயா மட்டுந்தானே நிக்கிறீங்க."

குளத்தின் நுட்பத்தை அவருக்கு விளக்கினேன். மேலே ஒரு பாத்தி. அதன் அடியில் துளையிட்ட குழாய், குழாய்க்கு மேல் சல்லி, சல்லியில் சேம்பும் கல்வாழையும். குளத்துத் தண்ணீரை மோட்டர் மேலே தள்ளும். அது சல்லிக்கு அடியில் புகுந்து மெல்ல ஏறும். அழுக்கை வேர்கள் தின்னும். தெளிந்த தண்ணீர் பாத்தியின் விளிம்பால் வழிந்து, கற்களின்மேல் அருவியாக விழுந்து, திரும்பவும் குளத்துக்கே வரும். ஒரு சொட்டு வீணாகாது. இதை நான் ஒரு குச்சியால் மண்ணில் கீறிக் காட்டினேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்.

"வெளங்கிருச்சுங்க. நம்ம லயத்துக் கான் மாதிரி."

"சாக்கடைக் கானா?"

"அதுலயும் சேம்பு மொளச்சிருக்குதுங்க. அழுக்கத் தின்னுட்டுத்தானே அம்புட்டுப் பெருசா நிக்குது. என்னா ஒண்ணு, நம்ம கானுக்குப் பக்கத்துல நாக்காலி போட்டு யாரும் டீ குடிக்கல."

தேயிலை நாற்றுமேடையில் மிஞ்சிய கறுப்புப் பொலித்தீனை இரட்டையாக மடித்து விரித்தோம். கற்களை அவர்தான் அடுக்கினார். படத்தை ஒரு கையிலும் கல்லை மறு கையிலும் வைத்துக்கொண்டு, கெட்ட காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாகத் திருப்பிப் பார்த்து வைத்தார். அருவியின் உயரம் என் இடுப்பளவு. நுவரெலியாவிலிருந்து ஆறு தங்கமீன்கள் வாங்கி வந்தேன்.

"திங்கிற மீனுங்களா?"

"இல்லை. பார்க்கிற மீன்."

"வயிறு நெறஞ்சவங்களுக்கு எல்லாம் தோணுதுங்க" என்றார். சொன்ன கையோடு மீன் பையை மெல்லத் தண்ணீரில் இறக்கி, ஆறும் நீந்திப் போகும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மோட்டர் பதினொரு நாள் வேலை செய்தது. தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் விசிறிகள் ஓடத் தொடங்கினால் எங்கள் வீட்டு விளக்கு தீக்குச்சி அளவுக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் என் அருவி, சளி பிடித்த குழந்தையின் மூக்கைப்போல, ஒழுகும், நிற்கும், மறுபடி ஒழுகும். பதினோராவது நாள், ஒரு வெள்ளிக்கிழமை, கருகல் வாசம் வந்தது. மோட்டர் செத்துப்போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை துரையும் துரைசானியும் என் குளத்தைப் பார்க்கத் தேநீருக்கு வருவதாக இருந்தது. நான்தான் அழைத்திருந்தேன். மூன்று தடவை.

"வரவேண்டாமெண்டு சொல்லி அனுப்புங்கோ" என்றாள் மனைவி. "மோட்டர் பழுதாப் போறது உலகத்தில நடக்காததே?"

நான் சொல்லி அனுப்பவில்லை. சனிக்கிழமை அவள் சந்தைக்குப் போனாள். லயத்துச் சனம் முழுவதும் கோயிலில் இருந்தது. தண்ணிக்காரர் அங்கே உடுக்கு அடித்துக்கொண்டிருந்த சத்தம் எனக்குக் கேட்டது. வளவின் ஓரத்தில் மண்ணைத் தோண்டி, பீலிக்குப் போகும் குழாயைக் கண்டுபிடித்து, வெட்டினேன். மேலே தொட்டியடியில் தண்ணீரை மூடும் வால்வின் சாவி தண்ணிக்காரரிடம் இருந்ததால் மூடாமலே வெட்டவேண்டியிருந்தது. மாசி மாதத்து ஊற்றுத் தண்ணீர் நெஞ்சில் அறைந்தபோது, கடவுள் நேரடியாகவே ஏதோ சொல்ல முயன்றார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். பற்கள் தந்தியடிக்க, 'T' வடிவக் குழாய்மூட்டு ஒன்றை இடையில் பூட்டி, அதிலிருந்து ஒரு சிறு குழாயைச் சல்லிப் பாத்திக்கு அடியில் விட்டேன். மண்ணைப் போட்டு மூடி, மேலே ஒரு பன்னச்செடியையும் நட்டேன்.

மனைவி சந்தையிலிருந்து வந்து நின்று பார்த்தாள். "மோட்டர் எரிஞ்சு போச்செண்டியள்?"

"இது புவியீர்ப்பு" என்றேன்.

"அதுக்குக் கரண்டு வேண்டாமோ?"

"வேண்டாம்."

"அப்ப முதலே அதைப் பூட்டியிருக்கலாமே!"

ஞாயிற்றுக்கிழமை துரைசானி கை தட்டினார். துரை இளம் சிங்களவர், நல்ல மனிதர். பங்களாவிலும் இப்படி ஒன்று கட்டவேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் சஞ்சிகைக் கிழவரைப்போல முகத்தை வைத்துக்கொண்டு தேநீர் குடித்தேன்.

இங்கே ஒன்றை விளக்கவேண்டும். மோட்டர் இருந்தபோது ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்தது. இப்போது ஊற்றுத் தண்ணீர் புதிதாக வந்துகொண்டே இருந்தது. ஆகவே அது எங்காவது போகவும் வேண்டும். குளம் நிரம்பி, அடுப்படித் தண்ணீர் போகும் கானுக்குள் வழிந்தது. அதாவது, உலகத்திலேயே சுத்தமான தண்ணீரை எடுத்து, சேம்பு வேரால் வடிகட்டி, மீன் கழிவைக் கலந்து, கானில் விட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவு விஞ்ஞானம் படித்தவன்.

திங்கட்கிழமை அந்தக் குழாய்மூட்டைக் கழற்றுவதாகத்தான் இருந்தேன். திங்கள் காலை சவரம் செய்யும்போது அருவிச் சத்தம் கேட்டது. நன்றாக இருந்தது. செவ்வாய்க்கிழமை ஒரு காரியம் தொடங்க ஆகாது என்பார்கள். புதன்கிழமை ஒரு பிரசவம். அதன்பிறகு காரணங்களைத் தேடுவதையும் விட்டுவிட்டேன்.

அது மழையில்லாத காலம். ஊற்று எப்படியும் மெலியும். நானும் பங்கு எடுத்ததில் பீலித் தண்ணீர் கைத் தடிப்பிலிருந்து சுண்டுவிரல் தடிப்புக்கு வந்தது. மருந்துச்சாலைக்குப் போகும் வழியில் பெண்கள் வரிசையில் நின்று ஏசுவது என் காதில் விழும்.

"ஏண்டி, ஓங் கொடம் ரொம்பறதுக்குள்ள எம் மக சமஞ்சிருவா போலருக்கே!"

"அப்ப நீ மொதல்ல புடி. நா கெழவியாயி வந்து புடிச்சுக்கிறேன்."

"இப்ப மட்டும் கொமரியாக்கும்!"

நான் அவர்களைப் பார்த்து, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி அறிவுரை சொல்லிவிட்டுப் போவேன்.

ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு முனி உண்டு; சந்தனம் பூசிய கல்லும் ஒரு சூலமும். முனிக்குக் கோபம் என்று முடிவாகி, ஒரு சேவலை அறுத்துப் பூசை வைத்தார்கள். டொக்டரய்யா வீட்டுக்கென்று ஒரு தொடைப் பங்கு இலையில் வந்தது. தின்றேன். காரம் சற்று அதிகம்.

தண்ணிக்காரர் ஊற்றைப் பார்த்தார். தொட்டியைக் கழுவினார். குழாய் வழியெல்லாம் நடந்து, ஒவ்வொரு பொருத்தையும் கையால் தடவினார். கடைசியில் ஒரு காலை என் வேலி ஓரம் வந்து நின்றார்.

"ஐயா, எல்லா எடமும் பாத்துட்டேங்க. ஐயா வளவுக்குள்ள மட்டுந்தான் பைப்பு மண்ணுக்குள்ள கெடக்குது. ஒருவாட்டி தோண்டிப் பாத்துறலாங்களா?"

"அங்கே ஒன்றுமில்லை. நான் பார்த்தேன்" என்றேன்.

"ஐயாவே பாத்துட்டீங்களா? அப்ப சரிங்க" என்று போய்விட்டார். அருவி அவருக்குப் பின்னால் விழுந்துகொண்டுதான் இருந்தது. மோட்டர் செத்தது அவருக்குத் தெரியாது. அவர் அடுக்கிய கற்கள்.

இதற்கிடையில், தண்ணிக்காரர் நட்டிருந்த லீக்ஸ், வெங்காயத்தாள் போன்ற மரக்கறி, வளர்ந்துகொண்டிருந்தது. லயத்தில் ஆளுக்கொரு துண்டு மரக்கறிப் பாத்தி உண்டு. அவருடையது என் வீட்டுக்குக் கீழே, சரிவில். மற்றவர்களின் பாத்திகள் வெயிலில் மஞ்சளாகிக் கிடக்க, அவருடைய லீக்ஸ் மட்டும் குழந்தையின் கைத் தடிப்பில், கரும்பச்சையாக நின்றது. அவருக்கே ஆச்சரியம். ஆனால் ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளவில்லை.

"எல்லாம் கைராசிங்க" என்று மருந்துச்சாலை வாங்கில் இருந்த எல்லாருக்கும் கையை விரித்துக் காட்டினார். "எங்கப்பன் கையி. நட்டா போதும், செத்த குச்சியும் எந்திரிச்சு நிக்கும். தண்ணியே காட்டலைன்னாலும் வருதுங்க!"

அந்தக் கடைசி வாக்கியம் அவருக்கு வினையாகியது. பங்குனியில் தண்ணீர் காட்டாமல் லீக்ஸ் வளருமா? அவருடைய பாத்திக்குப் பத்தடி தள்ளி, பீலிக் குழாயின் இன்னொரு வால்வு. அதன் சாவியும் அவரிடம். விடியற்காலையில் வால்வைத் திறந்து பாத்திக்கு விடுகிறார் என்று ஒருத்தி சொன்னாள். நாலு பேர் கண்டதாகச் சொன்னார்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் துரையிடம் போனார். துரை என்னைக் கூப்பிட்டு, "சனங்களின் சுகாதாரம் உங்கள் பொறுப்பு. நேரில் பார்த்து எனக்கு ஓர் அறிக்கை தாருங்கள்" என்றார்.

ஆகவே ஒரு மாலை, தலைவரும் பத்துப் பதினைந்து பெண்களும் தண்ணிக்காரரும் நானும் லீக்ஸ் பாத்தியில் கூடினோம்.

"பாருங்கய்யா, நெலம் ஈரமா இருக்கா இல்லையா?" என்றார் தலைவர்.

ஈரமாகத்தான் இருந்தது. ஏன் ஈரம் என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது. என் வீட்டுக் கான் அந்தப் பாத்திக்கு மேலேதான் முடிகிறது. மீன் கழிவோடு வந்த தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, லீக்ஸின் வேருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தது. அடுப்படித் தண்ணீர் எப்போதும் வரும் கான் என்பதால் யாரும் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"நா ஒரு சொட்டு எடுக்கலீங்க. முனி மேல சத்தியம்" என்றார் தண்ணிக்காரர்.

"அப்ப இந்தத் தண்ணி வானத்துலேருந்தா வந்துச்சு?" என்றாள் ஒருத்தி. "நாங்க கொடத்தத் தூக்கிட்டு அலையிறோம், இவரு லீக்ஸுக்குக் குளிப்பாட்டுறாரு!"

அப்போது இரண்டு லீக்ஸ் செடிகளுக்கு நடுவே, உள்ளங்கை அகலச் சேற்றுக்குழியில், செம்மஞ்சளாக ஏதோ துள்ளியதைக் கண்டேன்.

என் தங்கமீன். குளத்தின் வழிவாயால் கானுக்குள் வந்து, கானோடு இங்கே வந்திருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது, சாட்சி சொல்ல வந்ததுபோல.

ஓர் அடி முன்னால் வைத்து, என் சப்பாத்துக் காலால் அதை மூடினேன்.

அதன்பிறகு என்னால் நகர முடியவில்லை. தலைவர் வால்வைக் காட்டக் கூப்பிட்டார். இங்கிருந்தே தெரிகிறது என்றேன். ஒரு பெண் காய்ந்துபோன தன் பாத்தியைக் காட்டக் கூப்பிட்டாள். அதையும் இங்கிருந்தே பார்த்தேன். அரைமணி நேரம் ஒரே இடத்தில், ஒரு காலை அழுத்தி ஊன்றி நின்றேன். டொக்டரய்யா எவ்வளவு ஆழமாக யோசிக்கிறார் என்று அவர்கள் நினைத்திருக்கக்கூடும். என் பாதத்துக்குக் கீழே துடித்தது நின்றதை நான் உணர்ந்தேன். எல்லாரும் போனபிறகுதான் காலை எடுத்தேன்.

"மீன் அஞ்சுதான் நிக்குது" என்றாள் மனைவி அன்று மாலை.

"கொக்கு கொண்டுபோயிருக்கும்" என்றேன்.

அறிக்கையை எழுதினேன். தண்ணிக்காரர்மேல் நேராகக் குற்றம் சாட்டவில்லை; அதற்கு எனக்குத் துணிவில்லை. 'குறித்த நபரின் பாத்தியில் விளக்கமுடியாத ஈரலிப்பு காணப்பட்டது. வேறு எவ்விடத்திலும் கசிவு காணப்படவில்லை. பொதுநலன் கருதி அப்பணியை வேறொருவருக்கு அளிப்பது உகந்தது' என்பது சாரம். ஆங்கிலத்தில் இதைவிட மிடுக்காக இருந்தது. என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறந்த ஆங்கிலம் அது.

தண்ணிக்காரரைக் கவ்வாத்துக்கு அனுப்பினார்கள். அதே மலைக்கு, அதே முழங்காலோடு. மூன்றாம் நாள் மருந்துச்சாலைக்கு நொண்டிக்கொண்டு வந்தார். முழங்கால் பலாக்கொட்டை போட்ட பைபோல வீங்கியிருந்தது. எண்ணெய் போட்டுத் தேய்த்தேன்.

"ஐயா எழுதுன இங்கிலீசு ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு தொரை சொன்னாருங்க" என்றார். "என்னயப் பத்தி யாரும் அப்பிடி எழுதுனதில்லீங்க."

அவர் குத்திக் காட்டினாரா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"லயத்துல ஒருத்தரும் பேச மாட்டேங்கிறாங்க. எம் பொண்டாட்டியப் பீலியில கடேசியா நிக்க வைக்கிறாளுக. ஐயா, நா எடுக்கலீங்க. நீங்களாவது நம்புங்க."

"நம்புகிறேன்" என்றேன். அந்த மாதத்தில் நான் சொன்ன ஒரே உண்மை.

அந்தச் சனிக்கிழமை என் மனைவி சப்பாத்துகளை மினுக்க எடுத்தாள். சற்று நேரத்தில் ஒரு சப்பாத்தைக் கவிழ்த்துப் பிடித்தபடி என் முன்னால் வந்து நின்றாள். அடிப்புறத்துப் பள்ளங்களில் காய்ந்த சேறு. சேற்றில் செம்மஞ்சள் செதில்கள்.

"கொக்கு கொண்டுபோச்செண்டியள். கொக்கு உங்கட சப்பாத்தைப் போட்டுக்கொண்டோ வந்தது?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சப்பாத்தைக் கீழே வைக்கவே இல்லை.

"அந்தாள் வந்து கல்லடுக்கினது. அந்தாளின்ர கையால தேத்தண்ணிக் கோப்பை வாங்கி நான் கழுவியிருக்கிறன். இப்ப என்ன செய்யப் போறியள்?"

"இன்றைக்கே மூட்டைக் கழற்றி விடுகிறேன். பீலிக்குத் தண்ணீர் வந்துவிடும்."

"வரும். வந்தவுடனை சனம் என்ன சொல்லும்? 'பாத்தியளே, அந்தாளை எடுத்தாப் பிறகு தண்ணி வந்திட்டுது, அவர்தான் கள்ளன்' எண்டெல்லே சொல்லும்?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. மூட்டைக் கழற்றாவிட்டால் நாற்பது குடும்பங்களுக்குத் தண்ணீர் இல்லை. கழற்றினால், விழுகிற ஒவ்வொரு குடம் தண்ணீரும் அவர்தான் கள்ளன் என்று சாட்சி சொல்லும். சத்தம் போடாமல் நல்லவனாகிவிடும் வழி எனக்கு அடைபட்டுப் போயிருந்தது. வாயைத் திறந்தே ஆகவேண்டும்.

திங்கட்கிழமை காலைப் பெரட்டுக்குப் போனேன். வேலைக்குப் பிரிவதற்கு முன் எல்லாரும் கூடி நிற்கும் களம் அது. துரையும் நின்றார். சப்பாத்து இல்லாமல், செருப்போடு போனேன். ஞாயிறு முழுவதும் ஒரு பேச்சைத் தயாரித்திருந்தேன். "மனிதன் பலவீனமானவன்" என்று ஆரம்பித்தேன்.

"ஐயா, சத்து மருந்து குடுக்கிறதுன்னா சாயங்காலம் வர்றோம். இப்ப கொழுந்துக்குப் போகணும், சுருக்கா சொல்லுங்க" என்றாள் முன் வரிசையில் நின்ற ஒரு மூதாட்டி.

"பீலித் தண்ணீரை நான்தான் எடுத்தேன்."

"சோதிச்சுப் பாக்கவாங்க? பூச்சி கீச்சி இருக்கா?" என்றார் தலைவர்.

"இல்லை. திருடினேன். என் குளத்துக்கு. இவருடைய லீக்ஸுக்கு வந்தது என் வீட்டுக் கான் தண்ணீர். இவர் ஒரு சொட்டும் எடுக்கவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டே அறிக்கை எழுதினேன்."

தண்ணிக்காரர் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தபடி பின்வரிசையில் நின்றார். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. பிறகு மூதாட்டிதான் வாயைத் திறந்தாள்.

"அப்ப எஞ் சேவல்?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும். "முனி சும்மா இருந்துச்சு, அதப் போயிக் கோவக்காரன்னுட்டோமேடி!" "தொடைய யாரு தின்னது, அதச் சொல்லு!" நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. துரை மட்டும் சிரிக்கவில்லை. தோட்டத்து அலுவலகமான கந்தோருக்கு வரும்படி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என்னைப் பாராமல் போனார்.

ஆனால் நான் கந்தோருக்குப் போவதற்கு முன்பே, பெரட்டில் நின்றவர்கள் என்னோடு என் வளவுக்கு வந்தார்கள். ஐம்பது பேர் நின்று என் அருவியைப் பார்த்தார்கள். தண்ணிக்காரர் வேலி ஓரம் நின்றார். "உள்ளே வாருங்கள்" என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் வந்துவிட்டார். பன்னத்தைப் பிடுங்கி எறிந்து, மண்ணைத் தோண்டி, குழாய்மூட்டை வெளியே எடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன சொல்வாரோ என்று என் மனைவியும் நானும் நின்றோம்.

"வாசர் போடாம பூட்டியிருக்கீங்க" என்றார். "நீங்க எடுத்த தண்ணியில பாதி இதுலயே ஒழுகிருச்சு. திருடுறதுன்னாலும் ஒழுங்கா திருட வேணாங்களா?"

குழாயைச் சேர்த்துப் பொருத்தினார். அருவி, மோட்டர் இருந்த காலத்தைப்போல ஒருமுறை சளி ஒழுகி, நின்றது. கீழே பீலியடியில் பெண்களின் கூச்சல் கேட்டது.

அன்றே இன்னொரு கடிதம் எழுதினேன். இதில் மிடுக்கு இல்லை, மூன்று வரி. எனக்குக் கடும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. மூதாட்டிக்கு நானுஓயாவிலிருந்து ஒரு பெரிய சேவல் வாங்கி வந்து கொடுத்தேன். அது வழியெல்லாம் என் கையைக் கொத்தியது, அவளையும் கொத்தியது. "ஐயா மாதிரியே இருக்கு" என்றாள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பதினைந்து நாளில் தண்ணிக்காரரின் லீக்ஸ் மஞ்சளாகி மடிந்தது. குளத்துத் தண்ணீர் நின்றுவிட்டதல்லவா. ஒரு நாள் குழாய் பார்க்க வந்தவர், வேலிக்கு வெளியே நின்றார்.

"வேலைய எடுத்தீங்க, குடுத்துட்டீங்க. பேர எடுத்தீங்க, அதயும் பெரட்டுல வச்சுக் குடுத்துட்டீங்க. அதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்லலீங்க. ஆனா அந்த லீக்ஸு ஏங் கையால வந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப பாத்தா மீன் மூத்திரம்."

வேலிக் கம்பைப் பிடித்துக் காலை மாற்றி ஊன்றினார்.

"லயத்துல 'கைராசி'ன்னுதான் கூப்பிடுறானுங்க இப்ப. சின்னப் பயலுகூட."

அதற்கு எந்தக் கடிதமும் எழுத முடியாது. மறுநாள் மாலை இரண்டு வாளி குளத்துத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அவருடைய பாத்திக்கு இறங்கினேன். அவர் வேண்டாம் என்றார். மறுநாளும் போனேன், வேண்டாம் என்றார். நாலாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. மருந்துச்சாலை முடிந்து, மேல்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில், மீன் வாசம் அடிக்கும் வாளிகளோடு லயத்து வாசல்களைத் தாண்டிப் போவேன்.

"டொக்டரய்யா, எங்க பாத்திக்கும் ரெண்டு வாளி!"

"குனிஞ்சு ஊத்துங்கய்யா, இடுப்பு புடிச்சுக்கிட்டா யாருகிட்ட காட்டுவீங்க?"

அவர் ஒரு கல்லில் காலை நீட்டி உட்கார்ந்து, "அந்த வரிசைக்கு வேணாம், இந்த வரிசைக்கு" என்று விரலை நீட்டுவார். வேறொன்றும் பேசமாட்டார். லீக்ஸ் மீண்டும் வந்தது. முன்புபோல அல்ல, சுமாராக. அதை யாரிடமும் காட்டி அவர் பெருமையடித்ததை நான் கேட்கவில்லை.

வாளி தூக்குவதை நான் ஓய்வுபெறும்வரை, இரண்டாயிரத்துக்குப் பிறகும் சில வருடங்கள், செய்தேன். ஆனால் அவர் என் மருந்துச்சாலைக்கு மறுபடி வரவில்லை. முழங்கால் வீங்கினால் பஸ் ஏறி நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போவார். போய்வர ஒரு முழுநாள். ஒருமுறை மிகவும் வீங்கிவிட்டது என்று அவருடைய மனைவி வந்து சொன்னாள். அங்கே பெரிய டொக்டரிடம் நேராகக் காட்டுவதற்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, உறையை ஒட்டாமல், அவளிடம் கொடுத்தனுப்பினேன்.

அவர் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, அந்தக் காலோடு, முதலில் பள்ளிக்கூடத்துக்கு ஏறியிருக்கிறார். வாத்தியாரை வெளியே கூப்பிட்டு, வரிவரியாகத் தமிழில் சொல்லும்படி கேட்டிருக்கிறார். எழுதியிருந்தது முழங்காலைப் பற்றி மட்டும்தான் என்று வாத்தியார் இரண்டு தடவை உறுதி சொன்ன பிறகே, நொண்டிக்கொண்டு இறங்கிப்போய் பஸ் ஏறினாராம்.